இரண்டும் இடது கை

ஓரகத்தி வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தபோது காலரக்காவுக்கு எரியவில்லை. மாடி அறை ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை வந்தபோதும், கொழுந்தன் தன் மனைவியை "கண்ணு" என்று கூப்பிட்டது கீழ்வீடு வரை கேட்டபோதும் லேசாகப் புகைந்தது, அவ்வளவுதான். அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது ஒரு பழைய செய்தித்தாளைப் பார்த்துத்தான். சிரிப்பதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம், நடுவில் பதினாறு படி. அண்ணன் மனைவி மூத்தவள், தம்பி மனைவி இளையவள். இருவருக்கும் வேலையும் ஒரே இடத்தில், சீருடை தைக்கும் பட்டறையில். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வரும் அந்தப் பட்டறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான ஒரே கூடம், இருபத்திரண்டு மெஷின், ஜன்னலோரம் வெட்டு மேஜை. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை, செய்கிற வேலைதான் பெயர். மூத்தவள் பதின்மூன்று வருஷமாகக் காலர் தைப்பதால் காலரக்கா. இளையவள் பித்தான் தைப்பதால் பட்டன். அவளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியம்மாவிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதே காலரக்காதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யார் குற்றம்?

காலரக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. ரகசிய ஆசையெல்லாம் இல்லை, பட்டறைக்கே தெரியும். வெட்டுக்குப் போக வேண்டும். மெஷினில் உட்கார்ந்தால் யாரோ வெட்டிக்கொடுத்ததைத் தைக்கலாம், அவ்வளவுதான். வெட்டு மேஜையில் நிற்பவர்தான் சட்டையைச் சட்டையாக்குகிறவர். அவள் சேர்ந்த முதல் வருஷமே வெட்டு மாஸ்டர் சொன்னார், "உனக்குக் கண்ணு நல்லா இருக்கும்மா, வெட்டு கத்துக்கோ." அவளும் அந்த வாரமே பத்து அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினாள். நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் "முதல் பாடம்" என்று எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டாள். இரண்டாம் பக்கத்திலிருந்து அவள் மகள் மீன் வரைந்து வைத்திருக்கிறாள். மகளுக்கு அப்போது வயது மூன்று, இப்போது பதினாறு.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். வேலையில் பேய். ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவளுக்கு எல்லாம் கூடிவர வேண்டியிருந்தது. பெரிய மேஜை வேண்டும், நல்ல பழுப்புத் தாள் வேண்டும், யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். மகள் பள்ளிக்கூடம் சேரட்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேறட்டும் என்றாள். கூரை ஒழுகுவது நிற்கட்டும் என்றாள். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நிற்பவர்களுக்கு அலையும் ஓயாது, தலையும் நனையாது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவரே ஒருநாள் சொல்லிவிட்டார், "உன் கத்தரிக்கோலுக்குப் பென்ஷன் வாங்குற வயசாச்சு."

இப்படி இருக்கையில் மாஸ்டர் வேலையை விடுகிறார் என்ற செய்தி வந்தது. மூன்று மாதத்தில் மகள் ஊருக்குப் போய்விடுவாராம். உதவி மாஸ்டர் அவர் இடத்துக்கு வருவார். உதவி இடத்துக்கு வெளியாள் வேண்டாம், இந்தக் கூடத்திலிருந்தே ஒருவரை எடுக்கலாம், பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா. சொல்லி முடித்ததும் இருபத்தொரு தலையும் காலரக்கா பக்கம் திரும்பின. அவளுக்குக் கழுத்து வரை சந்தோஷம்.

"என்னம்மா, வெட்டுப் பழக உக்காரப் போறியா?" என்றார் மாஸ்டர்.

"இந்த வாரம் ஆஸ்பத்திரி ஆர்டர் இருக்கு மாஸ்டர். அது முடியட்டும், அடுத்த வாரத்துலேருந்து உக்காந்துடறேன்."

அடுத்த வாரம் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் கை கழுவிக்கொண்டு திரும்பியவள், பித்தான் டப்பாக்களுக்குப் பின்னால் தரையில் மண்டி போட்டிருந்த இளையவளைப் பார்த்தாள். முன்னால் ஒரு பழைய செய்தித்தாள். கையில் யாரோ தேய்த்துத் தூக்கிப்போட்ட சாக்குக்கட்டித் துண்டு. செய்தித்தாளில் ஒரு கை வரைந்துகொண்டிருந்தாள், சட்டைக் கை.

"என்னடி பண்றே?"

"சும்மாக்கா. சாப்பிட்டு முடிச்சு கால் மணி நேரம் மிச்சம் இருக்குல்ல. நீங்கதானே சொல்வீங்க, வெட்டுதான் வேலைன்னு. ஒரு நாளைக்கு ஒரு கை போட்டுப் பாப்போம்னு."

கால் மணி நேரம். பழைய பேப்பர். ஒரு நாளைக்கு ஒரு கை. பதின்மூன்று வருஷம் மனசுக்குள்ளே திருமண மண்டபம் மாதிரி அலங்கரித்து வைத்திருந்த ஆசையில், இவள் செருப்போடு நுழைந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் எரிந்தது. தன்னிடமிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டதாக வேறு சொல்கிறாளே, அது இன்னும் எரிந்தது. அன்றைக்குத் தைத்த காலரில் நாலு பிரிக்க வேண்டியதாயிற்று. அவள் காலரைப் பிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, குப்பைக் கூடையில் அந்தச் செய்தித்தாள் கசங்கிக் கிடந்தது. காலரக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். எடுத்து மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். எதற்கு? கற்றுக்கொள்ளவா? அந்த எண்ணமே இல்லை. குற்றம் கண்டுபிடிக்க.

வீட்டுக்கு வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையல் மேடையில் தாளை விரித்தாள். பார்த்தவுடனே கோணல் தெரிந்தது. ஆனால் கோணல் என்று சொன்னால் போதுமா, எவ்வளவு கோணல் என்று தெரிய வேண்டாமா? டேப்பை எடுத்தாள். தோளில் பொருந்தும் வளைவு அரை அங்குலம் குறைந்தது. கைக்குழியோடு வைத்துத் தைத்தால் சுருக்கம் விழும். "அரை அங்குலம்," என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. மேலே கொழுந்தன் "கண்ணு" என்றதுகூடக் காதில் விழவில்லை.

மறுநாளும் கூடையில் ஒரு தாள். அதிலும் ஒரு குற்றம். மூன்றாம் நாள் குற்றம் எளிதில் அகப்படவில்லை. எப்படி வந்திருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே சரியாக ஒன்று வரைந்து பார்த்தால்தான் தப்பு எங்கே என்று தெரிந்தது. ஆகவே வரைந்தாள். அதன் பிறகு அதுவே முறையாகிவிட்டது. குக்கர் அடங்கும் நேரத்துக்குள் தாளில் இருக்கும் கையை அளப்பாள், தப்பைக் கண்டுபிடிப்பாள், பக்கத்தில் சரியானதை வரைவாள். மேஜையும் இல்லை, பழுப்புத் தாளும் இல்லை, இரண்டு மணி நேரமும் இல்லை. கேட்டால் கற்கிறேன் என்று சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கே தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடத்தின் கோணலை அளந்து அளந்தே ஆட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, தினம் குப்பையைத் தூக்கிட்டு வர்றே?" என்றாள் மகள்.

"உங்க சித்தி லட்சணத்தைப் பாரு. இவங்கதான் மாஸ்டர் ஆகப் போறாங்களாம்."

மகள் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்காம். முன்பக்கம் இன்னும் உள்ளே வாங்கணும். பின்பக்கம் அந்தளவு வேண்டாம். கையை முன்னாலதானே நீட்டுறோம், பின்னாலயா நீட்டுறோம்?"

மகள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள். காலரக்கா சொன்னது முழுக்கச் சரி. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இளையவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்பக்கம் எது என்று மறந்துவிடாமல் இருக்க, கையின் மணிக்கட்டுப் பக்கம் வால் வைத்த சின்னக் கொக்கி ஒன்று போடுவாள். அப்படி ஒரு குறி எந்த மாஸ்டரும் போடுவதில்லை, அவளே வைத்துக்கொண்டது. அந்தக் கொக்கியைப் பார்த்தாலே காலரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய இவள், கையெழுத்துப் போடுகிறாளாம்.

நாற்பது நாள் இப்படிப் போயிற்று. குற்றங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. அரை அங்குலம் கால் அங்குலமாயிற்று, கால் அங்குலம் ஒரு நூலாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துவந்த தாளில் குற்றமே இல்லை. மூன்று தடவை அளந்தாள். டேப் இழுபட்டுவிட்டதோ என்று வேறொரு டேப்பை வைத்து அளந்தாள். இல்லை. வளைவு வளைவாக இருந்தது, அளவு அளவாக இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். "நல்லா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தாள். சொல்ல வாய் வந்தது, மனசு வரவில்லை.

திங்கட்கிழமை கூடை காலி. செவ்வாயும் காலி. இளையவள் பேப்பரை விட்டுவிட்டுக் கழிவுத் துணியில் முன்பக்கமும் முதுகும் வெட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள், அதை மடித்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். புதன்கிழமை சாயங்காலம் காலரக்கா குக்கரை ஏற்றிவிட்டு, கை துடைத்துக்கொண்டு மேடை முன்னால் நின்றாள். மேடையில் ஒன்றுமில்லை. குற்றம் சொல்ல ஆளில்லாமல் கை நமநமத்தது. கடைசியில் அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளை உருவி எடுத்து ஒரு கை வரைந்தாள். பிறகு இளையவள் முன்பக்கம் வெட்டுகிறாளாமே என்ற ஆத்திரத்தில் முன்பக்கம் வரைந்தாள். மறுநாள் முதுகு. நோட்டில் எழுதியிருந்த முதல் பாடம் அந்த வாரத்தில்தான் ஆரம்பித்தது. அதுகூட இளையவளை முந்த வேண்டும் என்ற வெறியில்தான் நடந்ததே ஒழிய நல்ல எண்ணத்தில் இல்லை.

பரீட்சைக்குப் பெயர் கேட்டபோது இளையவள் கை உயர்ந்தது. காலரக்கா யோசிக்கவேயில்லை, அவள் கையும் உயர்ந்தது. மாஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"எப்பம்மா உக்காந்தே நீ?"

"உக்காந்தேன் மாஸ்டர். வீட்டுல."

இளையவள் திரும்பிப் பார்த்து நிஜமாகவே சிரித்தாள். "சொல்லவேயில்லையேக்கா." அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை என்பதுதான் காலரக்காவுக்குப் பொறுக்கவில்லை.

பரீட்சை சனிக்கிழமை காலை. வெட்டு மேஜையின் இரண்டு முனையில் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரே அளவு. மாஸ்டர் வேண்டுமென்றே முழுத் துணி கொடுக்கவில்லை. அகலம் குறைந்த துண்டுத் துணிதான் கொடுத்தார். மடித்துப் போட்டு வெட்ட முடியாது. விரித்து, ஒவ்வொன்றாக வரைந்து, ஒன்றுக்குள் ஒன்று நெருக்கிப் போட்டு வெட்ட வேண்டும். துணிக்கு மேல்பக்கம் பளபளப்பு, அடிப்பக்கம் மங்கல்.

காலரக்காவின் முன்பக்கம் ஒழுங்காக வந்தது. முதுகு வந்தது. பாதிக் கண் தன் துணியிலும் பாதிக் கண் மறுமுனையிலும்தான் இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள்? முதுகு முடித்துவிட்டாளா? சாக்குக்கட்டியை மாற்றிப் பிடிக்கிறாளே, ஏன்? முதல் கையை வரைந்து முடித்தாள். இரண்டாவது கைக்கு வந்தபோது ஒரு கணம் தயங்கினாள். இப்படியா, திருப்பியா? ஏதோ ஒன்று உள்ளே தட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். இளையவள் இரண்டாவது கையையும் முதலாவது மாதிரியே போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்திருந்தாள். முந்திவிடுவாள். காலரக்காவும் அதே மாதிரி போட்டாள், கத்தரித்தாள்.

மாஸ்டர் முதலில் இளையவள் வெட்டியதைப் பார்த்தார். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து "ம்" என்றார். இரண்டு கையையும் எடுத்து, பளபளப்புப் பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்தார். உள்ளங்கைகள் சேர்வது போல் அவை சேர வேண்டும். சேரவில்லை. ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றதன் வளைவு மேற்கே போயிற்று.

"ரெண்டும் இடது கைம்மா. இந்தச் சட்டையைப் போடறவன் வலது கையை எங்கே வெச்சுக்குவான், பாக்கெட்டுலயா?"

கூடம் சிரித்தது. காலரக்காவும் சிரித்தாள், வயிறு குளிர. கொஞ்ச நேரம்தான். அதற்குள் தன் கைகள் இரண்டும் மேஜையில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். மாஸ்டர் வந்து எடுத்துச் சேர்த்தார். இடது கை இரண்டு.

"அட," என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சீங்களா?"

நடந்தது இதுதான். செய்தித்தாளுக்கு மேல்பக்கம், அடிப்பக்கம் கிடையாது. அதில் ஒரு கை போட்டுப் பழகினால் போதும், திருப்பினால் மற்றதாகிவிடும். இளையவள் நாற்பது நாளும் இடது கைதான் போட்டாள். காலரக்கா நாற்பது நாளும் அவள் போட்ட இடது கையைத்தான் திருத்தினாள். பதின்மூன்று வருஷம் தைத்த காலருக்கோ இடமும் கிடையாது, வலமும் கிடையாது. இளையவளின் சின்னச் சின்னக் குற்றத்தையெல்லாம் தோண்டியெடுத்தவளுக்கு, அவளிடம் இருந்த ஒரே பெரிய குற்றம் கண்ணில் படவே இல்லை.

இளையவள் மெதுவாக மேஜையின் இந்த முனைக்கு வந்தாள். காலரக்கா வெட்டிய கையைப் பார்த்தாள். மணிக்கட்டுப் பக்கம் சாக்குக்கட்டியால் போட்ட, வால் வைத்த சின்னக் கொக்கி. காலரக்கா அதை எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திருத்தித் திருத்திக் கையோடு வந்துவிட்டது. இளையவள் குறியைப் பார்த்தாள், பிறகு ஓரகத்தியைப் பார்த்தாள். பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது காலரக்காவுக்கு.

"சரி, பரவாயில்லை. நானும் முதல் வருஷம் இதைப் பண்ணியிருக்கேன்," என்றார் மாஸ்டர். "தப்பு பண்றது பெரிசில்லை, மிச்சத் துணியில சரி பண்ண முடியணும். அவங்கவங்க மிச்சத்துல ஒரு வலது கை எடுங்க பாப்போம்."

இளையவள் மிச்சத்தை விரித்தாள். அழகாக, தாராளமாக இடம் விட்டு வெட்டியிருந்தாள். மிஞ்சியதெல்லாம் நாடா நாடாவாகத்தான் மிஞ்சியது. ஒட்டுப்போட்டுப் பார்த்தாலும் ஒன்றரை அங்குலம் போதவில்லை. காலரக்காவிடம் ஒரு பெரிய துண்டே மிச்சமிருந்தது. அந்தப் பட்டறையில் காலருக்கென்று யாரும் புதுத் துணி கொடுப்பதில்லை, வெட்டியது போக மிஞ்சிய துண்டில் அட்டை அச்சு வைத்து அவளேதான் காலர் எடுக்க வேண்டும். பதின்மூன்று வருஷமாக எலிக்காது அளவுத் துணியிலும் ஒரு காலரைப் பிடுங்கிப் பழகியவள், தன்னையறியாமல் எல்லாவற்றையும் மூச்சு முட்ட நெருக்கிப் போட்டிருந்தாள். கையைத் திருப்பினாள். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. வரைந்தாள், வெட்டினாள். மாஸ்டர் எடுத்துச் சேர்த்தார். சேர்ந்தது.

"திங்கட்கிழமையிலேருந்து இந்தப் பக்கம் வந்துடும்மா," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். இளையவளும் தட்டினாள், ஆனால் கொஞ்சம் தாமதித்து.

வீடு இருபது நிமிஷ நடை. வழக்கமாக வழி நெடுக வாயாடிக்கொண்டு வருகிற இளையவள், அன்றைக்குத் தெருவிளக்குக் கம்பங்களை எண்ணுவது போல் வந்தாள். சந்தைத் தெரு தாண்டியது, மருந்துக்கடை தாண்டியது. வாசற்படி வந்தபோதுதான் இளையவள் நின்றாள்.

"அக்கா, அதெல்லாம் என் பேப்பர்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் தயாராக இரண்டு பொய் இருந்தது.

"ஆமா. குப்பையிலேருந்து எடுத்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. சேர்ந்தே உக்காந்திருக்கலாம்."

"கேட்டிருந்தா நான் உக்காந்திருக்கவே மாட்டேன்டி," என்றாள் காலரக்கா. "உனக்குத் தப்பு வரணும், தப்பு வரணும்னுதான் தினம் அளந்தேன். உன்னைப் பாத்தா வயிறு எரிஞ்சுது. அது இல்லேன்னா அந்தக் கத்தரிக்கோல் இன்னும் அலமாரியிலதான் இருக்கும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுதாலும் தாங்கிக்கொள்ளலாம். இளையவள் இரண்டும் செய்யவில்லை. மாடிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு இப்ப உங்களைப் பாத்தா எரியுதுக்கா. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாதீங்க."

பதினாறு படியும் ஏறிப் போய்விட்டாள்.

காலரக்கா உள்ளே வந்து பையை வைத்தாள். வீட்டுக்காரரும் மகளும் இன்னும் வந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வேலை கிடைத்ததைவிட வேறொன்று அவளை உலுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வயதுக்கும் யார் யாரையோ பார்த்து அவள் புகைந்திருக்கிறாள், எரிந்திருக்கிறாள். அவளைப் பார்த்து ஒருத்தி எரிவது இதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதையெல்லாம் மீறி, உள்ளே எங்கோ ஒரு மூலையில், சொல்லவே கூடாத அளவுக்கு இனித்தது. அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் மேலே கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.